அரசியலமைப்பு காட்டும் பொருளாதாரத் திசை: சட்டம் இயற்றுவோர் எங்கே பின்பற்றுகிறார்கள், எங்கே விலகுகிறார்கள்?

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின் நடுவில் சொத்துப் பகிர்வு பற்றிய சண்டை வெடித்தது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியாருக்குச் சொந்தமானதைச் 'சமூகத்தின் பொருள்வளம்' என்று கருதலாமா என்ற பழைய வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. மேடைப் பேச்சும் வழக்கும் ஒன்றோடொன்று குழம்பின. வீட்டையும் நகையையும் அரசு எடுத்துக்கொள்ள அரசியலமைப்பே இடம் தருகிறது என்று ஒரு தரப்பு அஞ்சியது. அந்தப் பிரிவுகள் எல்லாம் நீதிமன்றத்தில் செல்லாத அலங்கார வாசகங்கள் என்று இன்னொரு தரப்பு ஒதுக்கியது. இந்தியா சோஷலிசக் குடியரசு, ஆகவே பொதுத்துறைப் பங்குகளை விற்பதே அரசியலமைப்புக்கு விரோதம் என்று மூன்றாவது தரப்பு அடித்துப் பேசியது.

மூன்றுமே பிழை. நம் அரசியலமைப்பு பொருளாதாரத்துக்கு ஒரு திசையைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது. அவர்கள் திசை மாறினார்களா என்பதை அவர்கள் இயற்றிய சட்டங்களையும், நீக்கிய சட்டங்களையும் வாசித்துத்தான் அறிய முடியும். அந்த வாசிப்புக்குத் தேவையான அடிப்படையை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

## ஏரியும் கடைமடையும்

ஓர் ஊரில் ஏரி இருக்கிறது; அதற்குப் பாசன சங்கம் இருக்கிறது; சங்கத்துக்கு எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. விதிகளில் ஒரு வகை இப்படி இருக்கும்: அடுத்தவர் வயலில் அனுமதியின்றி யாரும் வாய்க்கால் வெட்டக் கூடாது, சாதி பார்த்துத் தண்ணீரை மறிக்கக் கூடாது. இவை மீறப்பட்டால் அன்றைக்கே முறையிடலாம், நியாயம் கேட்கலாம். இன்னொரு வகை விதி: 'ஏரித் தண்ணீர் கடைமடைக்கும் போய்ச்சேரும்படி சங்கம் நடந்துகொள்ள வேண்டும்.' எந்த மதகை எந்தக் கிழமை திறப்பது, எத்தனை நாழிகை திறந்துவைப்பது என்று அந்த விதியில் இராது. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும், பயிர் மாறும். அதனால் அதைச் சங்கத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இன்று கடைமடை காய்ந்தது என்று வழக்குப் போட முடியாது. ஆனால் மூன்று ஆண்டு தொடர்ந்து காய்ந்தால், அடுத்த தலைவர் தேர்வில் கடைமடைக்காரர்கள் கேட்பார்கள்.

சிக்கல் ஓரிடத்தில் வரும். கடைமடைக்கு வாய்க்கால் போக வேண்டுமானால் தலைமடையில் ஒருவர் நிலத்தைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் என்ன செய்வது? முதல் வகை விதி தடுக்கிறது. இரண்டாம் வகை விதி தூண்டுகிறது. சுதந்திர இந்தியாவின் பொருளாதாரச் சட்ட வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு மோதலின் வரலாறுதான்.

## அரசியலமைப்பின் இரண்டு பகுதிகள்

முதல் வகை விதிகளுக்கு அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று பெயர். அவை பகுதி 3-இல் இருக்கின்றன. குடிமகன் நேராக உச்ச நீதிமன்றம் வரை சென்று காக்கக்கூடிய உரிமைகள் இவை. இரண்டாம் வகைக்கு வழிகாட்டு நெறிகள் என்று பெயர். அரசு சட்டம் இயற்றும்போது பின்பற்ற வேண்டிய இலக்குகள் என்று பொருள். பள்ளிப் பாடநூலில் 'அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்' என்று படித்திருப்பீர்கள். பகுதி 4-இல், பிரிவு 36 முதல் 51 வரை அவை நீள்கின்றன.

பொருளாதாரம் பற்றிய உயிரான வரிகள் பிரிவு 39-இல் உள்ளன. ஆணுக்கும் பெண்ணுக்கும் போதிய வாழ்வாதாரம் கிடைக்க வேண்டும் என்பது அதன் (அ) கூறு. சமூகத்தின் பொருள்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொதுநன்மைக்கு மிகவும் உகந்த வகையில் பகிரப்பட வேண்டும் என்பது (ஆ). பொருளாதார அமைப்பு இயங்கும் விதத்தால் செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுமக்களுக்குக் கேடாகும்படி ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது (இ). சம வேலைக்குச் சம ஊதியம் என்பது (ஈ). இவற்றோடு பிரிவு 41 வேலை, கல்வி, முதுமையிலும் நோயிலும் அரசின் உதவி ஆகியவற்றைச் சொல்கிறது; அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற எல்லையோடு. பிரிவு 43 வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தையும், பிரிவு 47 ஊட்டச்சத்தையும் பொது சுகாதாரத்தையும் பேசுகின்றன.

இவை அனைத்துக்கும் சாவி பிரிவு 37. அது மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறது: இந்த நெறிகளை எந்த நீதிமன்றத்தாலும் நிறைவேற்றச் செய்ய முடியாது, ஆனாலும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படையானவை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை. முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் 'அலங்காரம்' என்கிறார்கள். பின் பாதியை மட்டும் படித்தவர்கள் 'கட்டளை' என்கிறார்கள். முழுப் பிரிவையும் படித்தால் கடமை உண்டு, அதைக் கேட்கும் இடம் வேறு என்பது தெளிவாகும்.

## கேட்கும் இடம் எது?

இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. பொருளாதார அறிஞர் கே.டி. ஷா இந்த நெறிகளைக் கடுமையாகத் தாக்கினார். வங்கி தனக்கு வசதிப்படும்போது பணம் தரலாம் என்று எழுதிக்கொடுத்த காசோலையைப் போன்றவை இவை என்பது அவர் வாதம். நீதிமன்றம் தலையிட முடியாத வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்டதில் நேர்மையான கவலை இருந்தது.

1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அளித்திருந்த விளக்கம் இன்றைக்கும் இந்த விஷயத்தில் ஆகத் தெளிவானது. ஆட்சியைப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் தன் விருப்பப்படி நடந்துவிட முடியாது. இந்த நெறிகளை மதித்தாக வேண்டும். மீறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிராது, ஆனால் தேர்தலின்போது வாக்காளர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

அதற்குப் பதினொரு நாள் கழித்து அவர் இன்னொன்றும் செய்தார். குடியரசின் பெயரோடு 'சோஷலிச' என்ற அடைமொழியைச் சேர்க்க ஷா கொண்டுவந்த திருத்தத்தை எதிர்த்தார். சமூகம் பொருளாதார ரீதியில் எப்படி அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவுசெய்ய வேண்டும். அதை அரசியலமைப்பிலேயே பூட்டிவைத்தால் மக்களாட்சியே அழிந்துபோகும் என்று வாதிட்டார். இந்த இரண்டு பேச்சுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுபவர்களால்தான் இவ்வளவு குழப்பம்.

'சோஷலிச' என்ற சொல் பின்னர் 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தத்தின் வழியே முகவுரையில் சேர்ந்தது. அதை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தபோது, அந்தச் சொல் மக்கள்நல அரசைக் குறிக்கிறது, தனியார் தொழில் முனைவைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுத்துறைப் பங்கு விற்பனை அரசின் கொள்கை முடிவு என்று 2001-இல் பால்கோ என்ற பொதுத்துறை அலுமினிய நிறுவனத்தின் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். அடிப்படை உரிமைகளை நீதிமன்றம் காக்கும். வழிகாட்டு நெறிகள் சட்டம் இயற்றுவோரின் கடமை. அதற்கு அவர்கள் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பொருளாதாரக் கொள்கையும் கட்டாயம் இல்லை. இலக்கு மட்டும் நிலையானது.

## நில உச்சவரம்பு: மோதல் வெடித்த இடம்

இனி தலைமடை நிலத்தைக் கிழிக்கும் வாய்க்காலுக்கு வருவோம். சுதந்திரம் வந்தபோது சொத்துரிமையும் ஓர் அடிப்படை உரிமை. ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் வந்ததும் நில உடைமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதன் வழியே பிறந்ததுதான் ஒன்பதாவது அட்டவணை. இந்தப் பட்டியலில் ஒரு சட்டத்தைச் சேர்த்துவிட்டால், அது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி நீதிமன்றம் அதை ரத்து செய்ய முடியாது. முதலில் சேர்ந்தவை 13 சட்டங்கள். சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதைக் கண்முன் காட்டும். 1961-இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஏக்கர் என்று வரம்பு வைத்தது. நிலத்தின் தரத்தைப் பொறுத்து அந்த ஏக்கர் கணக்கு மாறும். பிரிவு 39 சொன்ன பகிர்வுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் 1964-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 'குடும்பம்' என்பதை அந்தச் சட்டம் வரையறுத்த விதமும், நிலம் பெரிதாகப் பெரிதாக இழப்பீட்டு விகிதம் குறைந்துகொண்டே போனதும் சமத்துவ உரிமையை மீறுகின்றன என்பது காரணம். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 17-வது திருத்தத்தை நிறைவேற்றி, இந்தச் சட்டத்தையும் சேர்த்து 44 சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. சட்டம் உயிர் பெற்றது. 1970-இல் வரம்பு 15 ஏக்கராகக் குறைந்தது.

இது நெறியைப் பின்பற்றிய கதைதானே என்று தோன்றும். பாதிதான். அதே சட்டத்தில் விதிவிலக்குகள் இருந்தன; தோட்டப்பயிர் நிலங்களுக்கும் சமய அறக்கட்டளை நிலங்களுக்கும் தனிச் சலுகை. உறவினர் பெயரிலும் வேலையாட்கள் பெயரிலும் நிலத்தை மாற்றி எழுதிய பினாமி வழக்கம் மீதியைக் கரைத்தது. ஒரே சட்டத்தின் முதல் பிரிவு நெறியைப் பின்பற்ற, விதிவிலக்குப் பிரிவு அதிலிருந்து விலகக்கூடும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் கற்க வேண்டிய மிக முக்கியமான பாடம் இதுதான்.

## காப்பறை எப்படித் திரிந்தது

ஒன்பதாவது அட்டவணையின் பிற்கால வரலாறு வருத்தம் தருவது. நிலமற்றவருக்காகக் கட்டிய அறையில் ஆட்சியாளர்கள் தங்களுக்கு வேண்டியதை எல்லாம் வைக்கத் தொடங்கினார்கள். 1975-இல் 39-வது திருத்தம் சேர்த்த பட்டியலைப் பாருங்கள். வரிசை எண் 91, பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். வரிசை எண் 92, மிசா: விசாரணையின்றிச் சிறையில் அடைக்க உதவிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். செல்வக் குவிப்பைத் தடுக்கும் சட்டமும், எதிர்க்கட்சியினரைச் சிறைவைத்த சட்டமும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே பாதுகாப்போடு. மிசாவை அந்தப் பட்டியலிலிருந்து 1978-இன் 44-வது திருத்தம் எடுத்தது. பொருளாதார நீதியின் பெயரால் கொடுத்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதே காலத்தில் இன்னொரு கருவியும் உருவானது. 1971-இன் 25-வது திருத்தம் 31சி என்ற பிரிவைச் சேர்த்தது. பிரிவு 39-இன் (ஆ), (இ) கூறுகளை நிறைவேற்றும் சட்டம் என்றால், சமத்துவ உரிமையையோ தொழில் செய்யும் உரிமை உள்ளிட்ட சுதந்திரங்களையோ மீறுகிறது என்று சொல்லி அதை ரத்து செய்ய முடியாது என்பது அதன் சாரம். இந்த இலக்குக்காகத்தான் சட்டம் இயற்றுகிறோம் என்று நாடாளுமன்றம் சொல்லிவிட்டால் நீதிமன்றம் கேள்வியே கேட்கக் கூடாது என்றும் அதில் ஒரு வால் இருந்தது.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று முடிவானது. அடிப்படைக் கட்டமைப்பு என்றால் மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, நீதிமன்ற ஆய்வு போன்ற, எடுத்துவிட்டால் அரசியலமைப்பே அரசியலமைப்பாக இராது என்னும்படியான கூறுகள். 31சி-யின் முதல் பகுதி தப்பியது. நீதிமன்றத்தின் வாயை அடைத்த வால் நறுக்கப்பட்டது. ஒரு சட்டத்துக்கும் அது சொல்லும் இலக்குக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றானது.

1976-இல் நாடாளுமன்றம் மேலும் ஓர் அடி போய், எல்லா வழிகாட்டு நெறிகளுக்கும் 31சி-யின் பாதுகாப்பை நீட்டியது. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமைகளுக்கும் நெறிகளுக்கும் இடையே உள்ள சமநிலையே அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு பகுதி என்றது. கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும், அதற்காக ஊரில் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று ஆக்கிவிடக் கூடாது. 2007-இல், கூடலூர் ஜென்ம நிலங்கள் பற்றிய தமிழ்நாட்டு வழக்கொன்றில், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

சொத்துரிமை என்ன ஆயிற்று? 1978-இல் அது அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கியது. இப்போது பிரிவு 300அ-வின்படி அது அரசியலமைப்பு தரும் சட்ட உரிமை: சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது.

## என் கிணறு ஊர்ச் சொத்தா? 2024 தீர்ப்பு

ஏரி ஊருக்குப் பொது; சரி. என் வயலில் நான் வெட்டிய கிணறும் பொதுவா? மும்பையில் பழைய வாடகைக் கட்டடங்களைக் கையகப்படுத்த மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1986-இல் செய்த திருத்தத்தை எதிர்த்துக் கட்டட உரிமையாளர்கள் கேட்டது கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான்.

தனியார் வளங்களும் 'சமூகத்தின் பொருள்வளம்' என்பதற்குள் அடங்கும் என்று 1977-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதியிருந்தார். பின்வந்த தீர்ப்புகள் அந்தக் கருத்தைப் பின்பற்றின. தமிழ்நாடு தனியார் பேருந்துகளைக் கையகப்படுத்திய 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 1984-இல் பிரிவு 39-ஐக் காட்டி அதை நிலைநிறுத்தியதும் அந்த வரிசையில் வரும்.

2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஒரு நடுக்கோட்டை வரைந்தார்கள். எல்லாத் தனியார் சொத்தும் சமூகத்தின் வளம் ஆகிவிடாது. சில ஆகலாம். அந்த வளம் எப்படிப்பட்டது, சமூக நலனை அது எவ்வளவு பாதிக்கிறது, அரிதானதா, தனியார் கையில் குவிந்தால் என்ன விளையும் என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஒரே பொருளாதாரக் கோட்பாட்டைத்தான் அரசியலமைப்பு வலியுறுத்துகிறது என்ற வாசிப்பைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. 31சி 1973-இல் தப்பிய வடிவத்தில் உயிரோடிருக்கிறது என்பதும் இதில் உறுதியானது. ஆகவே தாலிக்கொடிக்கு ஆபத்து என்ற பேச்சும் தவறு. இனி எந்தத் தனியார் வளத்தையும் அரசு தொடவே முடியாது என்ற கொண்டாட்டமும் தவறு.

## பின்பற்றிய சட்டங்கள்

இவற்றை நீட்டத் தேவையில்லை. பெரும்பாலானவை நமக்குத் தெரிந்தவை. 1976-இன் சம ஊதியச் சட்டம் பிரிவு 39(ஈ)-யிலிருந்து நேராக வந்தது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டமும், விடுப்பை 26 வாரமாக உயர்த்திய 2017-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகப்பேறு உதவியைப் பேசும் பிரிவு 42-இன் பிள்ளைகள். கிராமக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்று 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பிரிவு 41 நம்பிக்கையாக எழுதிவைத்ததைக் கேட்டுப் பெறும் உரிமையாக மாற்றியது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 47-க்கு அதையே செய்தது. நீதிமன்றத்தில் செல்லாத நெறியைச் செல்லும் சட்டமாக மாற்றும் ஆற்றல் சட்டம் இயற்றுவோரிடம் மட்டுமே இருக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

## ஓசையில்லாமல் விலகுவது

விலகல் ஒருநாளும் 'பிரிவு 39-ஐக் கைவிடுகிறோம்' என்ற அறிவிப்போடு வராது. ஏகபோகச் சட்டத்தின் கதையைப் படிப்படியாகப் பார்த்தால் அது எப்படி வருகிறது என்பது புரியும்.

1960-களில் செல்வம் சில தொழில் குடும்பங்களிடம் குவிகிறதா என்று ஆராய மகலனோபிஸ் குழுவும் பிறகு ஏகபோக விசாரணை ஆணையமும் அமைந்தன. விளைவாக வந்தது 1969-இன் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம். அந்தச் சட்டத்தின் முன்னுரை, பொருளாதார அமைப்பின் இயக்கம் பொருளாதார அதிகாரத்தைப் பொதுமக்களுக்குக் கேடாகும்படி குவிக்கக் கூடாது என்று சொல்கிறது. பிரிவு 39(இ)-யின் வாசகமே கிட்டத்தட்ட அப்படியே இறங்கியிருக்கிறது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள தொழில் குழுமங்கள் விரிவாக்கத்துக்கும் இணைப்புக்கும் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்றது சட்டம்.

1985-இல் 20 கோடி 100 கோடியானது. சட்டம் இருந்தது, அதன் வலையில் இருந்த கண்கள் பெரிதாயின. 1991-இல் சொத்து அளவை வைத்துக் கட்டுப்படுத்தும் ஏற்பாடே நீக்கப்பட்டது. 2002-இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டு, 2009-இல் பழைய சட்டம் முற்றாகப் போனது. புதிய சட்டத்தின் முன்னுரையைப் படித்துப் பாருங்கள்: பொருளாதார வளர்ச்சி, சந்தையில் போட்டி, நுகர்வோர் நலன், வணிகச் சுதந்திரம். நான்கும் நல்லவையே. 'குவியக் கூடாது' என்ற வாசகம் மட்டும் அங்கே இல்லை. ஒரு நிறுவனம் சந்தையில் ஆதிக்கம் பெறுவது இப்போது குற்றம் இல்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம்.

மாற்றத்துக்கு வலுவான நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழில் நடத்த அரசு உரிமம் வழங்கும் முறையே பெரிய குழுமங்களுக்குச் சாதகமாக இயங்கியது என்று, அந்த முறையை ஆராய்ந்த தத் குழு 1969-இலேயே காட்டியிருந்தது. அனுமதி வாங்கத் தெரிந்தவர்கள் வளர்ந்தார்கள். புதியவர்கள் வாசலில் நின்றார்கள். பழைய கருவி தன் இலக்கை அடையவில்லை என்றால் அதை மாற்றுவது நெறிமீறல் ஆகாது. என் குறை வேறு. பழைய கருவியை எடுத்த நாடாளுமன்றம், 39(இ)-க்கு இனி எது கருவி என்ற கேள்விக்கு நேரான பதிலை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. பிரிவு அங்கேயே இருக்கிறது. அதை நிறைவேற்றும் கைதான் இல்லை.

வரிச் சட்டங்களிலும் இதே கேள்வி வரும். மரணத்துக்குப் பின் கைமாறும் சொத்துக்கான எஸ்டேட் வரி 1953-இல் வந்து 1985-இல் போனது. ஒருவர் சேர்த்துவைத்த மொத்தச் செல்வத்தின் மீது 1957-இல் வந்த செல்வ வரி 2015-இல் நீங்கியது. ஆண்டுக்கு 1,008 கோடி ரூபாய் மட்டுமே தரும் வரியை விட்டுவிட்டு, பெரும் வருமானக்காரர்கள் மீது 2 சதவீதக் கூடுதல் தீர்வை விதித்தால் 9,000 கோடி கிடைக்கும் என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி விளக்கினார். இங்கே குறைந்தபட்சம் மாற்றுக் கருவி சொல்லப்பட்டது. வருமானத்தின் மீதான வரியும் குவிந்த சொத்தின் மீதான வரியும் ஒன்றா என்று வாதிடலாம். ஆனால் வாதிடுவதற்கு ஒரு பதில் இருக்கிறது.

மூன்றாவது வழி இன்னும் அமைதியானது. 1970-களில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்னும் எண்ணெய் நிறுவனங்களை நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டங்களால் நாட்டுடைமை ஆக்கியது. இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று நாம் அறிந்த நிறுவனங்கள் அப்படி வந்தவை. 2003-இல் இவற்றைத் தனியாருக்கு விற்க மத்திய அரசு முனைந்தபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது. விற்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டு வாங்கியதை, நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை மாற்றாமல் விற்க முடியாது என்றது. மிகச் சரியான தீர்ப்பு: முடிவு எதுவாக இருந்தாலும் சபையில் விவாதித்து எடுக்கச் சொன்னது. 2016-இல் அந்த நாட்டுடைமைச் சட்டங்கள் நீங்கின. எப்படித் தெரியுமா? வழக்கொழிந்தவை என்று தொகுத்த நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களின் நீண்ட அட்டவணைக்குள், பத்தோடு பதினொன்றாக. விற்பனைக்குப் பாராளுமன்ற ஒப்புதல் என்ற தடை, அந்த விற்பனை பற்றிய பெரிய விவாதம் எதுவும் இல்லாமலே அகன்றது. சட்டப்படி பிழை இல்லை. ஆனால் அம்பேத்கர் சொன்ன வாக்காளருக்கு, கேள்வி கேட்க ஒரு நிகழ்வே கண்ணில் படவில்லை.

இந்தப் பகுதியின் சுருக்கம்: வரம்பை உயர்த்துவது, விதிவிலக்கு சேர்ப்பது, நீக்கப் பட்டியலில் நுழைப்பது, மாற்றுக் கருவி சொல்லாமல் பழையதை எடுப்பது. விலகல் பெரும்பாலும் இந்த நான்கு வடிவங்களில்தான் வருகிறது.

## ஒரு மசோதாவை எங்கே பார்ப்பது

மசோதா என்பது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவு. ஒவ்வொரு மசோதாவின் கடைசியிலும் 'நோக்கங்களும் காரணங்களும்' என்ற அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கம்தான். ஏன் இந்தச் சட்டம் என்று அமைச்சர் கையெழுத்திட்டுச் சொல்லும் இடம் அது. அதை வாசித்துவிட்டு, விதிவிலக்குப் பிரிவுகளுக்குப் போங்கள். பிறகு, எந்தெந்தப் பழைய சட்டங்கள் நீங்குகின்றன என்று சொல்லும் இறுதிப் பிரிவு. அத்துடன் செலவு பற்றிய நிதிக் குறிப்பு. உரிமை என்று எழுதிவிட்டு அதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டால், அந்த உரிமை காகிதத்தில் தங்கிவிடும்.

ஒதுக்கீட்டை நிர்ணயிக்கும் பட்ஜெட் விவாதமும் சுருங்கிவருகிறது. குறித்த நாள் முடிந்ததும் மீதமுள்ள மானியக் கோரிக்கைகளை விவாதமின்றி மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் முறைக்கு நாடாளுமன்றத்தில் கில்லட்டின் என்று பெயர். 2018-19 பட்ஜெட்டில் மக்களவை அத்தனை அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் இப்படியே நிறைவேற்றியது. மசோதாக்களை ஆழமாக அலசும் நிலைக்குழுக்களின் நிலையும் கவலைக்குரியது. 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வது மக்களவையில் 16 சதவீதம்.

குழுவுக்குப் போகும் மசோதாக்களில் நாமும் தலையிட வழி உண்டு. முக்கியமான மசோதா வந்தால் நிலைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. 'இந்த மசோதா நீக்கும் சட்டம் பிரிவு 39-இன் எந்தக் கூறுக்காக இயற்றப்பட்டது? அதன் இடத்தில் எதை வைக்கிறீர்கள்?' என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி அனுப்பினாலும் அது குழுவின் ஆவணங்களில் சேரும்.